பைனாகுலரில் சூரியன்: கிரகணக் கண்ணாடி போதுமா?

டர்பன்_வானம்: வணக்கம். 2030 நவம்பர் 25 முழு சூரிய கிரகணம் தென்னாப்பிரிக்காவில் நம் டர்பனிலும் தெரியும். அதற்குள் 10×50 பைனாகுலரில் கரும்புள்ளிகளைப் பார்த்துப் பழக ஆசை. கிரகணக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்க்கலாமா?

கதிரோன்: வேண்டவே வேண்டாம் தம்பி! லென்ஸ் குவிக்கும் ஒளி கிரகணக் கண்ணாடியின் தாளை நொடியில் பொசுக்கிவிடும், பார்வை போய்விடும். வடிகட்டி ஒளி நுழையும் முன்பக்கத்தில், இரண்டு குழலிலும் இருக்க வேண்டும். வடிகட்டி செய்ய விற்கும் சூரிய ஃபிலிமில் அடர்த்தி (ஒளியைத் தடுக்கும் அளவு) 5 என்பதை வாங்குங்கள், 3.8 கேமராவுக்கு மட்டும். ஏ4 அளவு ஃபிலிம் ஒன்று தாராளம்.

குழலின் வெளிவிட்டத்தை அளந்து, 4 செ.மீ. அகல அட்டைப் பட்டையை மூன்று சுற்றுச் சுற்றி ஒட்டுங்கள். ஃபிலிமை இரண்டு அட்டை வளையங்களுக்கு நடுவே இழுக்காமல் ஒட்டி, அதன்மேல் பொருத்துங்கள். சுருக்கம் இருந்தால் பரவாயில்லை, இழுத்தால்தான் பிம்பம் கெடும். கடற்காற்றில் இந்த வடிகட்டி மூடி கழன்றுவிடும், டேப் சுற்றாமல் தூக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் பிரகாசமான பல்புக்கு எதிரே பிடித்து ஊசித்துளை பாருங்கள். இருந்தால் தூக்கி எறியுங்கள்.

வடக்குவெயில்: கதிரோன் அண்ணா சொன்னதோடு ஒன்று: முக்காலி அவசியம், கை நடுங்கினால் சிறு புள்ளிகள் தெரியாது. குறி வைக்க, தரையில் விழும் பைனாகுலர் நிழலைச் சிறியதாக்குங்கள். நம் ஊரில் நண்பகல் சூரியன் வடக்கே நிற்கும்.

டர்பன்_வானம்: முழு மறைப்பின்போது வடிகட்டியைக் கழற்றலாமா?

கதிரோன்: கடைசி ஒளித்துளியும் மறைந்த பிறகு மட்டும். ஒளி திரும்பும் முன்பே கண்ணை எடுத்துவிட்டு மூடியை மாட்டுங்கள்.