மீன் தசையில் குறுக்கு வரிகள் தெரியவில்லை, உதவி தேவை

தண்டையார்பேட்டையில் ஒன்பதாம் வகுப்புக்கு செல், திசு, உறுப்பு, உறுப்பு மண்டலம் என்ற வரிசையை ஒரே மீனை வைத்துக் காட்டும் முயற்சி. செவுளில் சிக்கல் இல்லை. ஒரு இழையை நறுக்கி வைத்தால் 10எக்ஸிலேயே சீப்புப் பல் மாதிரி அடுக்கு தெரிகிறது. மாட்டிக்கொண்டது தசையில்தான். எலும்புத் தசைக்கு அடையாளமான குறுக்கு வரிகள் மூன்று வாரமாகக் கண்ணில் படவில்லை.

மீன்: காசிமேட்டில் காலை 6 மணிக்கு வாங்கும் சங்கரா. மைக்ராஸ்கோப்: கண்ணாடி வைத்த மாணவர் மாடல், ஐபீஸ் 10எக்ஸ், கீழே 10எக்ஸ், 40எக்ஸ்.

முதலில் குழாய்த் தண்ணீரில் வைத்தபோது நார்கள் ஊதி வெளுத்துவிட்டன (சவ்வூடு பரவல், எதிர்பார்த்ததுதான்). 0.9% உப்புக் கரைசலுக்கு மாறியதும் அது நின்றது. அரிசி அளவு சதையை இரண்டு ஊசியால் நார்வாக்கில் பிரித்து, மெத்திலீன் நீலம் (சாயம்) ஒரு சொட்டு, 2 நிமிடம், கழுவி கவர்ஸ்லிப். நாரின் ஓரத்தில் நியூக்ளியஸ்கள் பளிச்சென்று வருகின்றன. மற்றதையெல்லாம் நீலம் ஒரே மாதிரி அப்பிவிடுகிறது. நாலைந்து நார் ஒட்டிக்கொண்டே வருவதும் காரணமாக இருக்கலாம். சாயமில்லாமல் டயாஃப்ரத்தை (வெளிச்சம் வரும் துளையை) குறுக்கினால் ஓரிரு இடத்தில் மெல்லிய கோடு. ஃபோகஸைத் தொட்டதும் காணோம். ஐஸ் படாத மீனிலும் அதே கதை.

ஃபார்மலின் வகுப்பறைக்கு வேண்டாம். ஸ்பிரிட், வினிகர், கிளிசரின் கையில் உண்டு.

சதையைப் பிரிப்பதற்கு முன் இவற்றில் எதில், எவ்வளவு நேரம் ஊறவைத்தால் நார் தனித்தனியாக வந்து 40எக்ஸில் வரி நிலையாகத் தெரியும்?