டார்ட்மூர் கல்லிடுக்கில் ஒரு முத்திரை

நாங்கள் இங்கிலாந்தில் எக்ஸிடரில் இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை வீட்டை விட்டுக் கிளப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். "நடக்கப் போகலாம்" என்றால் மகளுக்குக் கால் வலிக்கும், மகனுக்குப் பசிக்கும். "பெட்டி தேடப் போகலாம்" என்று சொல்ல ஆரம்பித்த நாளிலிருந்து இரண்டு பேரும் எங்களுக்கு முன்னால் ஷூ மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். மூன்று வருஷமாகப் பக்கத்து டார்ட்மூரில் லெட்டர்பாக்ஸிங் போகிறோம், அதாவது யாரோ ஒளித்து வைத்த டப்பாவைக் குறிப்பு பார்த்துத் தேடும் விளையாட்டு. இதுவரை 64 பெட்டி. அதில் ஒரே ஒரு நாளைப் பற்றி எழுதுகிறேன்.

டார்ட்மூர் தேசியப் பூங்கா 954 சதுர கிலோமீட்டர். பெரும்பகுதி மரமில்லாத மேட்டு நிலம். புல், மஞ்சள் பூப் பூக்கும் முட்புதர், கால் வைத்தால் உள்வாங்கும் சதுப்பு. குன்றுகளின் தலையில் கருங்கல் பாறைகள் அடுக்கி வைத்த மாதிரி நிற்கும். அதை 'டார்' என்பார்கள். அந்தப் பாறை இடுக்குகளில் யாரோ ஒரு சின்ன டப்பாவை ஒளித்து வைத்திருப்பார். உள்ளே ஒரு ரப்பர் ஸ்டாம்பும் ஒரு நோட்டும் இருக்கும். நம் ஸ்டாம்பை அந்த நோட்டில் குத்த வேண்டும், அங்கே இருக்கிற ஸ்டாம்பை நம் நோட்டில் குத்திக்கொள்ள வேண்டும், டப்பாவை இருந்தபடியே வைத்துவிட்டு வர வேண்டும். எடுத்துவர உள்ளே பரிசு எதுவும் கிடையாது. பிள்ளைகள் ஏமாந்து போவார்களோ என்று முதலில் நினைத்தேன். அந்த ஈர மை காய்கிற வரைக்கும் நோட்டை மூடாமல் ஊதிக்கொண்டே நடந்தார்கள்.

போன மே மாதம் என் மாமனார் பாளையங்கோட்டையிலிருந்து வந்திருந்தார். தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இங்கே வந்த பத்து நாளும் ஜன்னலோரம் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மாமா, வாங்க, பிள்ளைங்க ஒரு விளையாட்டு விளையாடுவாங்க" என்று சொல்லி ஹேடார் என்ற டாருக்குக் கூட்டிப்போனோம். போகிற வழியில் இதன் கதையைச் சொன்னேன். 1854-இல் சாக்ஃபோர்டு ஊரைச் சேர்ந்த ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, கிரான்மியர் பூல் என்ற எட்டாத இடத்தில் ஒரு பாட்டிலை வைத்தார். அவ்வளவு தூரம் நடந்து போய்ச் சேர்ந்தவர்கள் தங்கள் விசிட்டிங் கார்டை அதில் போட்டுவிட்டு வருவார்கள். பிற்பாடு, வீட்டு விலாசம் எழுதின போஸ்ட் கார்டைப் போட்டுவைக்க ஆரம்பித்தார்கள். அடுத்து யார் வந்தாலும் அதை எடுத்துக்கொண்டு போய்த் தபாலில் சேர்க்க வேண்டும்.

மாமா பின்சீட்டிலிருந்து முன்னால் குனிந்தார். "யாருன்னே தெரியாதவன் எடுத்துட்டுப் போய்ச் சேப்பானா?"

"சேப்பாங்களாம் மாமா."

அதன் பிறகு வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார்.

ஹேடார் 457 மீட்டர் உயரம். பக்கத்திலேயே பழைய கல் குவாரி. அங்கிருந்து கல் இறக்க 1820-இல் ஒரு டிராம் பாதை போட்டார்கள். தண்டவாளமே கருங்கல்லில் செதுக்கினது. அது இன்னும் புல்லுக்குள் கிடக்கிறது. பிள்ளைகளுக்கு அதன் மேல் நடப்பதே ஒரு தனிச் சந்தோஷம்.

அன்றைய குறிப்பில் இரண்டு திசைக்கோணம் கொடுத்திருந்தது. ஒரு டார் உச்சி இத்தனை டிகிரியில், ஒரு தேவாலயக் கோபுரம் இத்தனை டிகிரியில். இரண்டும் ஒத்துவருகிற இடத்தில் நின்று, ஒற்றை முள்மரத்திலிருந்து 23 எட்டு வைக்க வேண்டும். காம்பஸ் என் கையில். எப்படிப் பார்த்தாலும் ஒத்துவரவில்லை. அரை மணி நேரம் தப்பான பாறைகளைச் சுற்றினோம். கடைசியில் என் கணவர்தான் கண்டுபிடித்தார்: காம்பஸைப் பிடித்த அதே கையில் செல்போனையும் வைத்திருந்தேன், அதன் உறையில் காந்தம். போனைப் பைக்குள் வைத்ததும் முள் திரும்பி நின்றது. புதிதாகப் போகிறவர்கள் இதை மட்டும் மறக்காதீர்கள்.

23 எட்டை மகன் எண்ணினான். ஏழு வயதுப் பையனின் எட்டு எவ்வளவு தூரம் போகும்? அவன் நின்ற இடத்தில் ஒன்றுமில்லை. மகள் பொறுமையிழந்து, பக்கத்திலிருந்த பழைய கற்சுவரில் ஒரு கல்லை உருவிவிட்டாள். அப்போதுதான் மேட்டுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு வயதான தம்பதி வந்தார்கள். பெரியவரின் தோள்பையில் 100 கிளப் பேட்ஜ். டார்ட்மூரில் 100 பெட்டி கண்டவர்களுக்குக் கிடைப்பது. அவர் சத்தம் போடவில்லை. மகள் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து, அந்தக் கல்லை வாங்கி, பாசி இருந்த பக்கம் வெளியே தெரிகிற மாதிரித் திருப்பி, இருந்த இடத்தில் சொருகினார். சுவரில், பழங்காலக் கல்வரிசையில், கல்லறை மேட்டில் யாரும் பெட்டி வைக்க மாட்டார்கள், வைக்கவும் கூடாது, அதனால் அங்கே தேடவே தேவையில்லை என்று சொன்னார். எங்கே இருக்கிறது என்று கேட்டதற்கு மட்டும் வாயைத் திறக்கவில்லை. "அப்பாவை எண்ணச் சொல்" என்று மகனிடம் சொல்லிவிட்டுச் சிரித்தார்.

அப்பா எண்ணினார். தரையோடு ஒட்டின பலகைக்கல்லுக்கு அடியில், மூடி இறுகின பழைய மாத்திரை டப்பா.

மகள் ஸ்டாம்பை எடுத்து இங்க் பேடில் அழுத்தித் தேய்த்தாள். மாமா கையைப் பிடித்துவிட்டார். "எம்மா, மைய அப்பப்பிடாது. பட்டும் படாம ரெண்டு தட்டு. பெறகு நேரா வச்சு ஒரே அமுக்கு. ஆட்டுனேன்னா எழுத்து ரெட்டையா விழும்." நோட்டுக்கு அடியில் தன் செருப்பை எடுத்து வைத்தார். ரப்பர் அட்டை மாதிரி கொஞ்சம் மெத்தென்று இருந்தால்தான் ஓரம் விழுமாம். ஸ்டாம்பில் ஒரு குதிரைக்குட்டி. பிடரி மயிர் வரைக்கும் விழுந்தது. அந்த இங்கிலீஷ் பெரியவர் தன் நோட்டையும் நீட்டி, எனக்கும் குத்திக் கொடுங்கள் என்று கேட்டார். ஒருவர் பேசுவது மற்றவருக்குப் பாதி புரியவில்லை. கால் மணி நேரம் இரண்டு பேரும் அந்தப் பாறை மேல் உட்கார்ந்து அவருடைய நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். அதில் அவர் பிள்ளைகள் சின்ன வயதில் குத்தினதும் இருந்தது, பேரப்பிள்ளைகள் குத்தினதும் இருந்தது.

—

மாசசூசெட்ஸிலிருந்து ஒரு பதில்:

உங்கள் மாமனாரின் செருப்பு யோசனையை இந்த வாரமே செய்து பார்க்கிறேன். எங்கள் நோட்டில் பாதி முத்திரைக்கு ஓரமே இல்லை.

இங்கே அமெரிக்காவில் இது பரவினது 1998-இல் ஸ்மித்சோனியன் பத்திரிகையில் டார்ட்மூர் பற்றி ஒரு கட்டுரை வந்த பிறகுதான். இங்கே குறிப்புகள் பாட்டாகவோ கதையாகவோ இருக்கும். ஸ்டாம்பைக் கடையில் வாங்குவதைவிடக் கையால் செதுக்குவதற்குத்தான் மதிப்பு. பெரிய அழிரப்பரும் கூரான சின்னக் கத்தியும் போதும், ஆனால் கத்தி பெரியவர்கள் கையில். எங்கள் குடும்ப முத்திரையாக 'அ' செதுக்கினோம். மகள் அழகாக வரைந்தாள், நான் செதுக்கினேன், குத்திப் பார்த்தால் எழுத்து இடம் வலம் மாறி விழுந்தது. கண்ணாடியில் பார்த்து வரைந்து மறுபடி செதுக்கினோம்.

இங்கே ப்ளூ ஹில்ஸ் குன்றுகளில் ஒரு பெட்டியில் அதைக் குத்திவிட்டு வந்தோம். ஆறு மாதம் கழித்து அதே வழியாகப் போனபோது நோட்டைத் திறந்து பார்த்தோம். எங்கள் முத்திரைக்குக் கீழே யாரோ அம்புக்குறி போட்டு, "இது எந்த மொழி எழுத்து?" என்று கேட்டிருந்தார். அதற்குக் கீழே இன்னொருவர், வேறு கையெழுத்தில், "எனக்கும் தெரிய வேண்டும்." மகள் அந்தப் பக்கம் முழுக்க அ முதல் ஃ வரை எழுதிவைத்துவிட்டு வந்தாள். பிற்பாடு யார் பார்த்தார்களோ. அந்தப் பக்கத்தை நான் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகளின் முட்டிக்குப் பின்பக்கம், காது மடல், தலைமுடி எல்லாம் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். இங்கே மான் உண்ணியால் லைம் நோய் வருகிறது. நீளக் கால்சட்டை, அதைக் காலுறைக்குள் சொருகிவிட வேண்டும். என் மகனுக்கு ஒரு தடவை கடித்தது. சாமணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுத்தோம்.

—

முன்பு இங்கிலாந்தில் பிளிமத்தில் படித்தவன்:

கிரான்மியர் பூலுக்கு நான் இரண்டு தடவை போனேன். முதல் தடவை பாதியில் திரும்பினேன். அது ராணுவம் சுடும் பயிற்சி எடுக்கிற பகுதிக்குள் இருக்கிறது. குன்றில் சிவப்புக் கொடி பறந்தால் உள்ளே போகக் கூடாது. பயிற்சி நாட்களை முன்கூட்டியே அறிவிப்பார்கள், அதைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். இரண்டாம் தடவை போய்ச் சேர்ந்தேன். குளம் என்று பேர்தான், தண்ணீர் கிடையாது, கரிசல் மாதிரிக் கறுத்த சேற்றுப் பள்ளம். சின்னப் பிள்ளைகளுக்கு அந்த வழி வேண்டாம். ஹேடார் பக்கமே போதும்.

—

மறுபடி எக்ஸிடரிலிருந்து:

உண்ணி இங்கேயும் உண்டு, சொன்னதற்கு நன்றி. என்ன கொண்டுபோக வேண்டும் என்று தனியாகக் கேட்டவருக்கு: ஓஎல்28 என்ற எண்ணுள்ள ஆர்டனன்ஸ் சர்வே வரைபடம், காம்பஸ், இங்க் பேட், நோட்டு, மாற்றுக் காலுறை இரண்டு ஜோடி. மூடுபனி பத்து நிமிஷத்தில் இறங்கிவிடும். இறங்கினால் பெட்டியை மறந்துவிட்டு வந்த பாதையிலேயே திரும்புங்கள். நாங்கள் அப்படித் திரும்பின நாட்கள் நிறைய.

மாமா ஊருக்குத் திரும்பின மறுவாரம் பிள்ளைகள் அதே குதிரைக்குட்டிப் பெட்டிக்குப் போக வேண்டும் என்றார்கள். மகள் ஒரு போஸ்ட் கார்டில் தாத்தா விலாசம் எழுதி, இந்தியாவுக்குச் செல்லும் தபால்தலை ஒட்டி, ஓரத்தில் அந்த ஸ்டாம்பைக் குத்தி, டப்பாவுக்குள் மடங்காமல் சுருட்டி வைத்தாள். போய்ச் சேரும் என்று எனக்கு நம்பிக்கையில்லை, அவளிடம் சொல்லவில்லை.

ஐந்து வாரம் கழித்து ஒரு காலையில் போன் வந்தது. கார்டு கையில் இருக்கிறது என்றார் மாமா. அடியில் யாரோ பச்சை மையில் ஒரு வரி எழுதியிருக்கிறார்களாம், கண்ணாடி போட்டும் படிக்க முடியவில்லையாம். "அது கெடக்கட்டும். பிள்ளைகிட்ட சொல்லு, முத்திரை நாலு ஓரமும் சுத்தமா விழுந்திருக்கு."