பீர் பிரியர்கள் கட்சி: 1991இல் போலந்து மக்கள் 16 இடங்களை வீணாக்கினார்களா?

வரலாற்று வாசகன் எழுதியது:

1991 அக்டோபர் 27 அன்று, இரண்டாம் உலகப் போருக்குப் பின் முதன்முறையாக முழுச் சுதந்திரத்துடன் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில், வாக்களித்த போலந்து மக்களில் 3.27 விழுக்காட்டினர் பீர் பிரியர்கள் கட்சியைத் தேர்ந்தெடுத்து, 460 இடங்கள் கொண்ட சேய்ம் எனும் கீழவைக்கு அதன் உறுப்பினர்கள் 16 பேரை அனுப்பி வைத்தனர். நகைச்சுவை நடிகர் யானுஷ் ரெவின்ஸ்கியின் தலைமையில் 1990 டிசம்பரில் தோன்றிய அக்கட்சி, 1993 தேர்தலோடு அவையிலிருந்து மறைந்துவிட்டது. உண்மையான வாக்குரிமைக்காக நாற்பது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்த ஒரு நாடு, எத்தனையோ பேர் சிறை சென்று பெற்றுத் தந்த முதல் வாய்ப்பை ஒரு மேடை நகைச்சுவைக்குத் தாரை வார்த்ததை விளையாட்டுத்தனம் என்றே சொல்வேன். அந்த அவை இரண்டு ஆண்டுகள்கூட நீடிக்காமல் கலைந்ததில் இத்தகைய கட்சிகளுக்கும் பங்கு உண்டு.

தேனருவி எழுதியது:

தீர்ப்பை எழுதிவிட்டுச் சாட்சியைத் தேடுகிறீர்கள், நண்பரே. ஓட்கா குடித்து வீழும் பழக்கத்திலிருந்து மக்களை விலக்கி, நண்பர்களோடு அமர்ந்து பேசியபடி பீர் அருந்தும் பண்பாட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்பதுதான் அந்தக் கட்சி வெளிப்படையாகச் சொன்ன நோக்கம். அது சிரிக்கவைத்தது உண்மைதான். ஆனால் பிற்பகல் ஒரு மணிக்கு முன் மது விற்கக் கூடாது என்று 1980களில் சட்டம் போட்டும் குடியைக் குறைக்க முடியாமல் போன நாட்டில் அதைப் பொருளற்ற பேச்சு என்று தள்ளிவிட முடியாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தத் தேர்தலில் வாக்களித்தவர்கள் சுமார் 43 விழுக்காட்டினர் மட்டுமே. வாக்குரிமையை அலட்சியம் செய்தவர்களைத் தேடுகிறீர்கள் என்றால், வரிசையில் நின்று பீர் கட்சிக்கு முத்திரை குத்தியவர்களை விட்டுவிட்டு, சாவடிப் பக்கமே வராத பெரும்பான்மையினரை அல்லவா கேட்க வேண்டும்?

வரலாற்று வாசகன் எழுதியது:

நோக்கம் நன்று என்றே வைத்துக்கொள்வோம். அவைக்குள் நுழைந்தபின் அந்த 16 பேரும் செய்தது என்ன? வேட்பாளர் பட்டியலில் தொழில்முனைவோர் பலர் இடம்பிடித்திருந்தனர். 1992இல் கட்சி ‘பெரிய பீர்’, ‘சின்ன பீர்’ என்று இரண்டாக உடைந்தது. பெரும்பாலோர் இருந்த பெரிய பீர் அணி, போலந்துப் பொருளாதாரத் திட்டம் என்று தன் பெயரை மாற்றிக்கொண்டு, அதே ஆண்டு ஜூலையில் பதவியேற்ற பிரதமர் ஹன்னா சுஹோட்ஸ்காவின் ஏழு கட்சிக் கூட்டணி அரசில் சேர்ந்துகொண்டது. ரெவின்ஸ்கியின் முகத்துக்காகவும் கேலிக்காகவும் வாக்களித்த எளிய மனிதருக்கு, கடைசியில் தொழிலதிபர்களின் நலன் பேசும் ஒரு குழு கிடைத்தது. நகைச்சுவையைத் தூண்டிலாக வைத்து வாக்குப் பிடித்தார்கள் என்பதைத்தானே இது காட்டுகிறது? பிற்காலத்தில் அந்நாட்டில் பீர் ஓட்காவை முந்தியது என்பதைச் சிலர் இந்தக் கட்சியின் வெற்றியாக எழுதுகிறார்கள். பீர் ஆலைகளில் குவிந்த வெளிநாட்டு முதலீடும் விளம்பரமும் செய்த வேலை அது.

வாக்குச்சீட்டு எழுதியது:

இடையில் நுழைவதற்குப் பொறுத்தருளுங்கள். வரலாற்று வாசகன் தம் இரண்டு பதிவுகளிலும் வைத்திருக்கும் குற்றச்சாட்டுகள் ஒன்றோடொன்று மோதுகின்றன. முதல் பதிவின்படி கேலிக் கட்சிகள் அவையை நிலைகுலைத்தன. இரண்டாம் பதிவின்படி அந்தக் கேலிக் கட்சியின் பெரும்பகுதி கேலியைக் கைவிட்டு ஓர் அரசுக்குத் தோள் கொடுத்தது. உண்மையில், பல கட்சிகளை ஒட்டவைத்து உருவான அந்த அரசை 1993 மே 28 அன்று ஒரே ஒரு வாக்கு வேறுபாட்டில் கவிழ்த்த நம்பிக்கையில்லாத் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர்கள், சுதந்திரத்துக்காகப் போராடிய சாலிடாரிட்டி தொழிற்சங்க இயக்கத்தின் உறுப்பினர்களே. அதன்பின் அவையைக் கலைத்தவரும் அதே இயக்கத்திலிருந்து குடியரசுத் தலைவராக உயர்ந்த லேக் வலேசாதான். சிறை சென்றவர்களின் தியாகத்தை இங்கே சான்றாகக் கொண்டுவந்தால், இதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

அவை சிதறியதற்குக் காரணம் தேர்தல் விதி. 460 இடங்களில் 391 இடங்கள் 37 தொகுதிகளில், குறைந்தபட்ச வாக்கு விழுக்காடு எதுவும் இல்லாமல், கட்சிகள் பெற்ற வாக்குகளின் விகிதப்படி பகிரப்பட்டன. அதனால் 29 வேட்பாளர் பட்டியல்களுக்கு இடம் கிடைத்தது. முதலிடம் பிடித்த ஜனநாயக ஒன்றியமே 12.32 விழுக்காடு வாக்குகளோடு 62 இடங்களில் நின்றுவிட்டது. முதல் கட்சிக்கே அந்த நிலை என்றால், 16 இடங்களைப் பிடித்த ஒரு கட்சியின் பெயர் வேடிக்கையாக இருந்ததாலா சிக்கல் வந்தது?

வரலாற்று வாசகன் எழுதியது:

விதி கதவைத் திறந்துவைத்தது என்பதை நான் மறுக்கவில்லை. நுழைந்தவர்களைப் பற்றித்தான் பேசுகிறேன். 1993 தேர்தலுக்கு முன் கட்சிகளுக்கு 5, கூட்டணிகளுக்கு 8 என்று குறைந்தபட்ச விழுக்காட்டை விதிக்கும் நிலைக்கு அந்த அவையே தள்ளப்பட்டது. அந்தத் தடையைப் பீர் கட்சியால் நெருங்கவும் முடியவில்லை. மக்கள் ஒருமுறை சிரித்தார்கள், மறுமுறை சிரிக்க மறுத்துவிட்டார்கள்.

தேனருவி எழுதியது:

மறுமுறை மக்கள் என்ன செய்தார்கள் என்று முழுவதுமாகப் பாருங்கள். புதிய தடையினால் மூன்றில் ஒரு பங்கு வாக்குகளுக்கு அவையில் பிரதிநிதியே இல்லாமல் போனது. முன்னாள் கம்யூனிஸ்டுகளின் இடதுசாரிக் கூட்டணியும் விவசாயிகள் கட்சியும் சேர்ந்து 36 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவான வாக்குகளை வைத்துக்கொண்டு 303 இடங்களைப் பிடித்தன. தமக்குள் ஒன்றுபட மறுத்த வலதுசாரிக் கட்சிகள் பல, அவ்வளவு தீவிர முகத்தோடும் கொள்கை விளக்கங்களோடும் நின்றும், பீர் கட்சியைப் போலவே வெளியே தள்ளப்பட்டன. அவற்றின் தோல்வியை மட்டும் ஏன் விதியின் கொடுமை என்கிறோம், இதன் தோல்வியை மட்டும் ஏன் மக்களின் தெளிவு என்கிறோம்?

என் பார்வையில் அந்தக் கட்சி கேலியால் அழியவில்லை, கேலியைத் துறந்ததால் அழிந்தது. பெரிய கட்சிகளின் மீது சலிப்புற்ற மனிதரை ரெவின்ஸ்கியோடு இணைத்திருந்தது அந்தச் சிரிப்பு ஒன்றுதான். பெயரையும் சிரிப்பையும் கழற்றிவிட்ட பெரிய பீர் அணி, சந்தைப் பொருளாதாரம் பேசிய எத்தனையோ குழுக்களில் ஒன்றாகக் கரைந்தது. இதற்கு மாறாக ஐஸ்லாந்தைப் பாருங்கள்: 2008 வங்கி வீழ்ச்சிக்குப் பின் நகைச்சுவை நடிகர் யோன் க்னார் தொடங்கிய ‘சிறந்த கட்சி’ என்ற பெயருள்ள கட்சி, நீச்சல் குளங்களில் இலவசத் துண்டு தருவதாக வாக்குறுதி அளித்து, 2010இல் ரெய்க்யவிக் நகராட்சியின் 15 இடங்களில் 6ஐ வென்றது. நகரத் தலைவராக முழுப் பதவிக்காலமும் பணியாற்றிய அவர், கடனில் மூழ்கியிருந்த நகர எரிசக்தி நிறுவனத்தைக் கட்டண உயர்வும் ஆட்குறைப்பும் செய்து மீட்டார். மக்களுக்குப் பிடிக்காத முடிவுகள்தாம். இருந்தும் 2014இல் மறுபடி போட்டியிடாமல் தாமே விலகினார்.

வரலாற்று வாசகன் எழுதியது:

ஒரு நகராட்சியையும், பொருளாதாரமே தலைகீழாக மாறிக்கொண்டிருந்த ஒரு நாட்டின் சட்டமன்றத்தையும் ஒரே தராசில் வைக்கிறீர்கள். ரெய்க்யவிக்கில் அந்த நடிகரே பொறுப்பை ஏற்று, தம் பெயரிலேயே கசப்பான முடிவுகளை எடுத்தார். போலந்தில் பொறுப்பு வந்தபோது முதலில் மறைந்தது கட்சியின் பெயர். இந்த வேறுபாட்டை நீங்களே எடுத்துக் காட்டியிருக்கிறீர்கள். அது என் வாதத்துக்குத்தான் துணை நிற்கிறது.

வாக்குச்சீட்டு எழுதியது:

அப்படியானால் உங்கள் குற்றவாளி மாறிவிட்டார். தலைப்பில் நீங்கள் குற்றம் சாட்டியது வாக்காளர்களை. இப்போது குற்றம் சாட்டுவது உறுப்பினர்களை. அவர்களைத்தான் சொல்கிறீர்கள் என்றால் எனக்கு மறுப்பில்லை, ஆனால் வாக்களித்தவர்களை விட்டுவிடுங்கள்.