குமுளி இறக்கத்துல பிரேக் பெடல் பஞ்சாகுது, வழி சொல்லுங்க

அண்ணன்மாரே, வணக்கம். கம்பத்துல இருந்து எழுதுறேன். வண்டி லோட்டஸ் செவன் ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி கிட் கார் (பாகங்களை வாங்கி நாமளே பூட்டுறது). இன்ஜினும் பிரேக்கும் மாருதி ஜிப்ஸியோடது: முன்னாடி டிஸ்க், பின்னாடி டிரம். பூஸ்டர் (பெடல் மிதிக்கிற பலத்தைக் கூட்டிக் கொடுக்கிறது) வைக்க இடமில்ல.

ஊருக்குள்ள குறையே இல்ல. குமுளியில இருந்து லோயர் கேம்ப் இறங்குறப்போதான் பெடல் பஞ்சா அமுங்குது. டாட் 4 பிரேக் ஆயில் புதுசு (ஈரம் இழுத்தா கொதிநிலை 230 டிகிரியில இருந்து 155 வரைக்கும் இறங்கிடுமாமே, அதான் மாத்தினேன்), பிரேக் லைன்ல இருந்த காத்தும் எடுத்தாச்சு.

பெரிய பிஸ்டன் காலிப்பர் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிறது) முன்னாடி போடச் சொல்றார் மெக்கானிக். பெடல்ல இருந்து ஆயிலைத் தள்ளுற மாஸ்டர் சிலிண்டரையும் பெருசாக்கலேன்னா பெடல் இன்னும் கீழ போகுமே? அதோட முன் சக்கரம் சுத்தாம சீக்கிரமே லாக் ஆகும். சூடு ஆற நடுவுல காத்து போற இடைவெளி இருக்கிற வென்டிலேட்டட் டிஸ்க்கே போதும்னு தோணுது. எந்த வண்டியோடது பொருந்தும்? மாத்தினவங்க இருந்தா கோட்டயம் வரைக்கும்கூட வந்து பார்க்கிறேன்.

கியர்ல இறங்குன்னு மட்டும் சொல்லாதீங்க, ரெண்டாவதுலதான் இறங்குறேன்.