புதுப்பிப்பு: இழுத்தடித்த கட்டுரைப் பணம் வந்து சேர்ந்தது

முன்பு இங்கே புலம்பியிருந்தேன், ஞாபகமிருக்கும்: ஒரு கன்டென்ட் நிறுவனம் நான் எழுதிக் கொடுத்த கட்டுரைகளை வாங்கி வெளியிட்டும்விட்டு, "அக்கவுன்ட்ஸ்ல பேசுறோம்" என்றே காலத்தை ஓட்டியது. பணம் வந்துவிட்டது.

வேலை செய்தது உத்யம் பதிவு, அதாவது சிறு தொழில் செய்பவர்களுக்கான அரசின் ஆன்லைன் பதிவு. ஆதாரும் பான் எண்ணும் போதும். கட்டணம் கிடையாது (பணம் கேட்கும் தளங்கள் எல்லாம் இடைத்தரகர்கள்). அந்த எண்ணை இன்வாய்ஸிலேயே போட்டு, கூடவே நாலு வரி மின்னஞ்சல். 2006 எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள்) சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் பணத்தை 45 நாளுக்கு மேல் இழுக்க முடியாது. இல்லாவிட்டால் 15 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல 3 மடங்கு கூட்டு வட்டி. பணம் தராதவர்கள் மீது புகார் தரும் அரசின் சமாதான் தளத்தில் புகார் தருவேன் என்று மரியாதையாகவே எழுதினேன். அதுவரை போனையே எடுக்காத அந்த நிறுவனத்துக்காரர், "சார், இந்த வாரமே போட்டுடறோம்" என்றார்!

ஆனால் வேலையை ஒப்புக்கொள்ளும் முன்பே பதிவு செய்துவிடுங்கள். முன்பு முடித்த வேலைக்கு இதைக் காட்டினால் சிக்கல்தான்.

பணத்தில் 10 சதவீதம் டிடிஎஸ் (நம் பெயரில் அவர்களே கட்டும் வருமான வரி) பிடித்திருந்தார்கள். அது தொலைந்த காசு இல்லை. வருமான வரித் தளத்தில் நம் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, வருமான வரி ரிட்டர்னில் கேட்டுக்கொள்ளலாம்.

ஜிஎஸ்டி பதிவும் வேண்டுமா என்று கேட்டவர்களுக்கு: உள்நாட்டு வாடிக்கையாளர்கள் மட்டும் என்றால், தமிழ்நாட்டில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும்வரை பதிவு தேவையில்லை. நான் இன்னும் அந்தக் கவலைக்கே வரவில்லை.

அப்புறம், புது வாடிக்கையாளர்களிடம் இப்போது பாதிப் பணம் முன்கூட்டியே. ஒருவர் முறைத்துக்கொண்டு போனார், போகட்டும்.