மான் வேட்டைக்குக் காம்பவுண்ட் வில்: எனக்குப் பொருந்தாத முதல் வில்

முதல் காம்பவுண்ட் வில் (நுனிகளில் கப்பி வைத்த வில்) வாங்கப் போகிறேன், எதைப் பார்த்து வாங்குவது என்று கேட்ட தம்பிக்காக இதை எழுதுகிறேன். நான் இருப்பது அமெரிக்காவின் விஸ்கான்சினில். ஊரில் இருந்தவரை மான் என்றால் முதுமலைச் சாலையோரம் பார்த்த புள்ளிமான்தான். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அங்கே மான் வேட்டை குற்றம், அது சரியும்கூட. இங்கே வெள்ளைவால் மான்கள் ஏராளம். உரிமம் எடுத்து, பயிற்சி வகுப்பு முடித்து, செப்டம்பர் நடுவில் தொடங்கும் வில் பருவத்தில் நானும் பரண் ஏறினேன்.

முதல் வில்லை நான் தேர்ந்தெடுத்தது அம்பின் வேகத்தை வைத்து. பெட்டியில் விநாடிக்கு 335 அடி என்று போட்டிருந்தது. அந்த எண் 70 பவுண்டு இழுவிசை, 30 அங்குல இழுப்பு நீளம் (நாணை முழுக்க இழுக்கும் தூரம்), 350 கிரெயின் அம்பு (கிரெயின் என்பது அம்பின் எடையைச் சொல்லும் சிறு அலகு) என்ற அளவில் சோதித்து எழுதுவது என்று எனக்கு அப்போது தெரியாது. என் இரண்டு கைகளையும் விரித்தால் நுனிக்கு நுனி 65 அங்குலம். அதை 2.5 ஆல் வகுத்தால் 26. என் இழுப்பு நீளம் ஏறக்குறைய அதுதான். கடையில் 28 அங்குலத்தில், 55 பவுண்டில் வைத்துக் கொடுத்தார்கள். கடையின் வெதுவெதுப்பில், நின்றபடி, மெல்லிய சட்டையில் இழுத்துப் பார்த்தேன். வந்தது. வாங்கிவிட்டேன்.

நவம்பர் முதல் வாரம், காலை மைனஸ் 6 டிகிரி. பதினைந்தடி உயரப் பரணில் இரண்டு மணி நேரமாக அசையாமல் உட்கார்ந்திருந்தேன். ஓக் மரங்களுக்கு நடுவே ஒரு பெண் மான் வந்து 18 யார்டில் பக்கவாட்டில் நின்றது. அதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது. நாணைப் பிடித்து இழுத்தேன், பாதிக்கு மேல் வரவில்லை. விறைத்த தோள், மூன்று அடுக்குத் துணி, உட்கார்ந்த நிலை. வழக்கம்போல வில்லை வானத்தைப் பார்த்துத் தூக்கி, அங்கிருந்து கீழே இறக்கியபடி இழுத்தேன். மான் தலை நிமிர்ந்தது. முன்னங்காலைத் தரையில் தட்டியது. மூக்கால் ஒரு சீறல், வெள்ளை வாலை உயர்த்திக்கொண்டு போயே விட்டது. என் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. அன்று நான் அம்பை விட்டிருந்தால் அது எங்கே பட்டிருக்குமோ என்று நினைக்க இன்றைக்கும் மனசு கனக்கிறது.

நான் வேட்டைக்குப் போன நிலத்தின் சொந்தக்காரப் பெரியவர் என் கதையைக் கேட்டுவிட்டு ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டார். உட்கார், இரண்டு காலையும் தரையிலிருந்து தூக்கு, வில்லைக் குறிக்கு நேராக நீட்டி மேலே கீழே ஆட்டாமல் இழு என்றார். 55 முடியவில்லை. 50 தடுமாறியது. 45 சத்தமில்லாமல் வந்தது. அதுதான் உனக்கான இழுவிசை என்றார். தம்பி, வாங்கும் முன் கடையிலேயே இதைச் செய்து பார். கேட்க வெட்கப்படாதே. விஸ்கான்சினில் மானுக்குச் சட்டம் கேட்பதே 30 பவுண்டுதான்.

அடுத்த ஆண்டு இழுப்பு நீளம் குறைந்தவர்களுக்கென்றே வடிவமைத்த வில்லாக, 26 அங்குலத்தில் மாற்றி வாங்கினேன். 380 கிரெயின் அம்பு விநாடிக்கு 220 அடிதான் போகிறது. பெட்டியில் போட்டிருந்த எண்ணுக்குப் பக்கத்தில்கூட வராது. ஆனால் குறி அசைவதில்லை, நாண் சட்டைக் கையில் உரசுவதில்லை. 1960களில் மிசௌரிக்காரர் ஹாலஸ் வில்பர் ஆலன் வில் நுனியில் கப்பி மாட்டிப் பார்த்து, 1969 இல் காப்புரிமை வாங்கினாரே, அந்த யோசனையின் முழுப் பலன் எனக்கு அப்போதுதான் புரிந்தது. முழுக்க இழுத்த பிறகு நூற்றுக்கு எண்பது பங்கு எடை விழுந்துவிடுகிறது. 45 பவுண்டு வில்லில் நான் தாங்குவது 9 பவுண்டு. மான் ஒரு மரத்துக்குப் பின்னால் நின்றுவிட்டால் அது வெளியே வரும்வரை பிடித்துக்கொண்டு காத்திருக்கலாம்.

அந்த அக்டோபரில் அப்படித்தான் நடந்தது. 17 யார்டு. நான் இழுத்தது அதற்குத் தெரியவே இல்லை. முன்கால் ஓரமாக, நுரையீரலில் அம்பு பாய்ந்து மறுபக்கம் வந்தது. அரை மணி நேரம் பரணிலேயே இருந்துவிட்டு இறங்கி, ரத்தத் தடத்தைப் பிடித்து நடந்தேன். எண்பது யார்டுக்குள் படுத்துக் கிடந்தது. பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். அந்தக் குளிர்காலம் முழுக்க எங்கள் வீட்டில் அந்தக் கறிதான், மிளகு தூக்கலாகப் போட்டு.

* * *

அக்கா சொன்னது எல்லாம் உண்மை. ஒஹையோவிலிருந்து என் பங்குக்கு ஒன்று. இங்கே குறைந்தது 40 பவுண்டு வேண்டும். நான் 70 பவுண்டு, விநாடிக்கு 290 அடி என்று நல்ல வேகத்தோடு திரிந்தவன். 30 யார்டில் ஒரு கொம்பு மான், காதை உயர்த்தி ஏற்கெனவே உஷாராக இருந்தது. விட்டேன். அம்பு அதன் முதுகுக்கு மேலே போனது. மான் ஓடுவதற்காகக் காலை மடக்கும்போது உடம்பு கீழே இறங்கிவிடுகிறது. 30 யார்டு என்பது 90 அடி. என் அம்புக்கு 0.3 விநாடி தேவை. ஒலி விநாடிக்கு 1,100 அடிக்கு மேல் போகும், நாணின் சத்தம் 0.08 விநாடியில் அதன் காதுக்குப் போய்விட்டது. எந்த வில்லாலும் அந்த ஓட்டத்தில் ஜெயிக்க முடியாது. அதனால் இப்போது நான் ஒரு வில்லைச் சோதிக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு, நண்பரை அம்பு விடச் சொல்லிக் கேட்கிறேன். சத்தம் குறைவாக இருக்கிறதா என்பதுதான் எனக்கு முதல் கேள்வி. அம்பைக் கொஞ்சம் கனமாக்கினாலே வில் அடங்கிப் பேசும். உஷாரான மான் மேல் 20 யார்டுக்கு அப்பால் விடுவதையும் நிறுத்திவிட்டேன்.

பழைய வில் வாங்குவதாக இருந்தால் ஒரு பஞ்சு உருண்டையை எடுத்து வில்லின் கைகள் (மேலும் கீழும் வளையும் பகுதிகள்) நெடுகத் தடவு. விரிசல் இருந்தால் நூல் மாட்டும். மாட்டினால் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். கப்பியின் விளிம்பு நெளிந்திருக்கிறதா என்றும் பார். அம்பு மாட்டாமல் நாணை இழுத்து விட்ட வில்லில் அந்தச் சேதம் இருக்கும். நாண் பிசிறு தட்டியிருந்தால் மாற்றும் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடு. அப்புறம், எந்தக் கண் உனக்கு ஓங்கிய கண் (குறி பார்க்கும்போது மூளை அதிகம் நம்பும் கண்) என்று முதலில் பார்த்துக்கொள். வலது கைக்காரனான எனக்கு இடது கண். இடது கை வில்லுக்கு மாறினேன், பழக ஒரு கோடைக்காலம் முழுக்கப் பிடித்தது.

* * *

அக்கா, அண்ணா, இரண்டு பேருக்கும் நன்றி. சனிக்கிழமை கடைக்குப் போனேன். கை விரிப்பு 70 அங்குலம், இழுப்பு நீளம் 28. மூன்று வில்லை நாற்காலியில் உட்கார்ந்து, குளிர் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு இழுத்தேன். நான் ஆசைப்பட்டிருந்த 65 பவுண்டு வில்லை வைத்துவிட்டேன். 55 இல் அமைத்த வில் எடுத்திருக்கிறேன். பருவம் தொடங்க இன்னும் ஏழு வாரம் இருக்கிறது, தினமும் இருபது அம்பு.