வீட்டில் பாட்டுப் பதிய கம்ப்யூட்டர்: நெல்லைப் பக்கம் வாங்கினவங்க அனுபவம் சொல்லுங்க

பாளையான்

வண்ணார்பேட்டையில் ஒரு கடை. "பாட்டு ரெக்கார்ட் பண்ண ஒரு மெஷின் போட்டுத் தாங்க தம்பி" என்றேன். "கேமிங்கா, வீடியோ எடிட்டிங்கா அண்ணாச்சி?" என்று கேட்டான். ரெண்டும் இல்லை என்று சொல்லியும் எடிட்டிங் கணக்கிலேயே கொட்டேஷன் வந்தது. பணத்தில் பெரும்பங்கு கிராபிக்ஸ் கார்டுக்கு. கேபினெட் முன்பக்கம் பூராவும் கண்ணாடி, உள்ளே கலர் கலராக மினுக்கும் விசிறிகள். "இதுல எந்த சாஃப்ட்வேரும் பறக்கும் அண்ணாச்சி." பறக்கும்தான், சத்தத்தோடு பறக்கும். நான் மைக் வைக்கப்போவதும் அதே அறையில்தானே.

நம்ம வீடுகளில் தனியாகக் கண்ட்ரோல் ரூம் யாருக்கு இருக்கிறது? கம்ப்யூட்டர், மைக், பாடுகிற ஆள் எல்லாம் ஒரே பத்துக்குப் பன்னிரண்டு அறைதான். டேக் எடுக்கும்போது சீலிங் ஃபேனை நிறுத்தி ஜன்னலையும் சாத்த வேண்டும். சித்திரை, வைகாசியில் தட்டோட்டு வெக்கை அப்படியே கீழே இறங்கும். அறை சூடேறச் சூடேற சிபியு விசிறி வேகமெடுக்கும், மைக்கில் அந்த இரைச்சல் ஏறும். அதனால் இந்த ஊருக்கு முதலில் பார்க்க வேண்டியது சத்தமில்லாத மெஷின். அடுத்தது கரண்டு. வேகம் மூணாவதுதான். இதுதான் என் கட்சி.

நான் போட்டது இன்டெல் ஐ5 12400 பிராசஸர். ஆறு கோர் (உள்ளே தனித்தனியாகக் கணக்குப் போடும் பிரிவு), ஆறும் ஒரே ரகம். பெயருக்குப் பின்னால் 'எஃப்' எழுத்து இல்லாததாகக் கேட்டு வாங்கினேன். எஃப் போட்டதில் உள் கிராபிக்ஸ் கிடையாது, அப்புறம் தனிக் கார்டு வாங்கணும், அதற்கென்று இன்னொரு விசிறி சுற்றும். ஏஎம்டி கம்பெனியின் ரைசன் பக்கம் போகிறவர்களும் இதைக் கவனியுங்க: 5600ஜி-யில் கிராபிக்ஸ் உண்டு, வெறும் 5600-இல் இல்லை.

இந்தச் சிப் சாதாரணமாக 65 வாட் கணக்கு, முறுக்கினால் 117 வரை இழுக்கும். பயாஸில் (விண்டோஸ் ஏறும் முன் வருகிற செட்டிங்) நுழைந்து 65-க்கு மேல் போகாதபடி கட்டிப்போட்டேன். பெட்டியோடு வந்த சின்ன விசிறியைக் கழற்றிவிட்டு, 120 மில்லிமீட்டர் விசிறி வைத்த உயரமான கூலர் மாட்டினேன். பெரிய விசிறி மெதுவாகச் சுற்றினாலே போதிய காற்று வரும். மிக்ஸிங்கில் இந்த 65 வாட் கட்டுப்பாட்டால் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. ஒரு டிராக்கில் வரிசையாக மாட்டுகிற ப்ளகின்கள் (ஒலியை மாற்றுகிற குட்டி மென்பொருள்கள்) பெரும்பாலும் ஒரே கோரில்தான் ஓடும். அதனால் கோர் எத்தனை என்பதைவிட ஒவ்வொரு கோரும் எவ்வளவு சுறுசுறுப்பு என்பதுதான் முக்கியம்.

ராம் 32 ஜிபி. விண்டோஸுக்கு ஒரு எஸ்எஸ்டி, பதிவுகளுக்கும் சாம்பிள் லைப்ரரிகளுக்கும் (கீபோர்டில் வாசிக்க முன்னமே பதிந்துவைத்த வாத்திய ஒலிகள்) தனியாக 1 டிபி. மதர்போர்டு பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, பின்பக்கம் யுஎஸ்பி போர்ட் நிறைய இருந்தால் சரி. மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கிற ஆடியோ இன்டர்ஃபேஸைக் கேபினெட் முன்பக்கத்தில் குத்தாமல் பின்னால் நேராகக் குத்துங்க.

சித்தப்பா வில்லுப்பாட்டுக் குழுவில் உடுக்கை அடிக்கிறவர். ஹெட்போன் மாட்டி, அவர் அடிப்பது கம்ப்யூட்டர் வழியாக அவருக்கே கேட்கும்படி உட்காரவைத்தேன். கம்ப்யூட்டர் ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துவைத்துக் கையாளுகிற அளவுதான் பஃபர், அது கூடினால் தாமதமும் கூடும். 48 கிலோஹெர்ட்ஸில் பஃபர் 128 என்றால் ஒரு பக்கத்துக்கு 2.7 மில்லிசெகண்ட். போக வர எல்லாம் சேர்த்து பத்தை ஒட்டி வரும். ஒலி காற்றில் மில்லிசெகண்டுக்கு ஏறக்குறைய 34 சென்டிமீட்டர் போகும், அதனால் பத்து என்பது பத்துப் பதினோரு அடி தள்ளி நிற்கிற ஆள் வாசிப்பதைக் கேட்கிற கணக்கு. அதை அவர் கண்டுகொள்ளவே இல்லை. சோதித்துப் பார்க்க 512 ஆக்கினேன். நாலு தட்டு தட்டிவிட்டு நிறுத்தினார். "ஏல, எனக்குப் பின்னாடி எவனோ அடிக்கான்."

அம்பை நாயனம்

அண்ணாச்சி, சத்தம் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு. ஆனா 32 ஜிபி எல்லாருக்கும் வேணும்னு யாரும் எடுத்துக்கக் கூடாது. நீங்க லைப்ரரி வச்சு வாசிக்கிறீங்க. எங்க வீட்டில் மைக்கில் வருவதைப் பதிவதோடு சரி, 16 ஜிபியே நிரம்ப மாட்டேங்குது.

லேட்டன்சியும் (அந்தத் தாமதம்) அப்படித்தான். இன்டர்ஃபேஸில் டைரக்ட் மானிட்டர் என்று ஒரு பொத்தான் இருக்கும். அதைப் போட்டால் பாடுகிறவர் குரல் கம்ப்யூட்டருக்குள் போய்ச் சுற்றாமல் நேராக ஹெட்போனுக்கு வந்துவிடும், பஃபர் 1024 இருந்தால்கூட அவருக்குத் தெரியாது. கீபோர்டைத் தட்டி உள்ளே இருக்கிற சாம்பிளைக் கேட்கிறவர்களுக்குத்தான் பஃபரைக் குறைத்தே ஆகணும். உங்க சித்தப்பாவுக்கு அந்தப் பொத்தானைப் போட்டிருக்கலாம்.

டிஸ்க் பற்றியும் ரொம்பப் பயமுறுத்துகிறார்கள். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு மோனோ டிராக் நிமிஷத்துக்கு 8.64 எம்பிதான். எட்டு டிராக் ஒரு மணி நேரம் ஓடினாலும் நாலு ஜிபி சொச்சம். பழைய சுற்றுகிற ஹார்ட் டிஸ்கே இதைத் தாங்கும். எஸ்எஸ்டி வேண்டும் என்பதற்கு என் காரணம் வேறே: அது கரகரக்காது.

எங்களுக்கு வந்த தொல்லை வேற மாதிரி. நாதஸ்வர வித்வான் காருக்குறிச்சி அருணாசலம் பிறந்த மண், இங்கே நாயனம் என்றால் ஊரைக் கூட்டுகிற சத்தம். மாமா வாசிக்க, கண்டென்சர் மைக்கில் எடுத்தோம், மேல்ஸ்தாயி எல்லாம் கிழிந்து வந்தது. ஆளாளுக்குக் கம்ப்யூட்டரைக் குற்றம் சொன்னார்கள். ஒருத்தர் பிராசஸர் போதாது என்றார், ஒருத்தர் சவுண்டு கார்டு மாத்து என்றார். ஷூர் எஸ்எம்57 என்ற, பெரிய சத்தம் தாங்குகிற மைக் ஒன்று கடன் வாங்கி, அணசிலிருந்து (நாயனத்தின் அகன்ற வாய்) தள்ளி, கொஞ்சம் சாய்வாக வைத்து, கெயினை (மைக் சத்தத்தைப் பெருக்குகிற அளவு) இறக்கினோம். அதே கம்ப்யூட்டர்தான், சுத்தமாக வந்தது. உள்ளே வரும்போதே கிழிந்த சத்தத்தை எந்தப் பிராசஸரும் தைக்காது.

பத்தமடைப் பாயைச் சுவரில் மாட்டினால் எதிரொலி போய்விடும் என்று ஒரு பேச்சு இங்கே உண்டு. பாய் மெல்லிசு. கீச்சென்று வருகிற சத்தத்தைக் கொஞ்சம் தணிக்கும், தவில் தொப்பியின் 'தொம்' அசையாது. இலவம்பஞ்சு மெத்தையைச் சுவரோரம் நிமிர்த்தி வைத்துப் பாருங்க, வித்தியாசம் தெரியும்.

குவயர் கீபோர்டு

நான் கீபோர்டு கட்சி, அதனால் பஃபர் எனக்கு உயிர். சபையில் வாசிக்கவும் வீட்டில் பதியவும் ஒரே லேப்டாப். நல்ல கான்ஃபிகரேஷன், இருந்தும் அரை நிமிஷத்துக்கு ஒருமுறை சோளம் பொரிகிற மாதிரி படபடவென்று ஒரு சத்தம். ராம் கூட்டினேன், போகவில்லை. அப்புறம் லேட்டன்சிமான் என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டேன். கொஞ்ச நேரத்தில் கோடு சிவப்பாகி, குற்றவாளி என்டிஐஎஸ்.சிஸ் என்று காட்டியது. நெட்வொர்க் சம்பந்தப்பட்ட ஃபைல். டிவைஸ் மேனேஜரில் வைஃபையை முடக்கினேன், சத்தம் நின்றுவிட்டது. இப்போது வாசிக்க உட்கார்ந்தாலே வைஃபை, புளூடூத் இரண்டும் ஆஃப், பவர் பிளானில் ஹை பர்ஃபாமன்ஸ், யுஎஸ்பி தூங்குகிற செட்டிங்கும் ஆஃப். இன்டர்ஃபேஸ் கம்பெனி தருகிற ஏசியோ டிரைவரையே (விண்டோஸில் ஒலித் தாமதத்தைக் குறைக்கிற மென்பொருள்) போடுங்க. பொதுவாகக் கிடைப்பதை வேறு வழியில்லாதபோது பார்த்துக்கலாம்.

லேப்டாப்காரர்களுக்கு இன்னொன்று. ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஒரு உறுமல் கேட்டால் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்க. நின்றுவிட்டால் கோளாறு கரண்டு வழியாக வருகிறது.

பாளையான்

கரண்டு என்று தம்பி எடுத்துக்கொடுத்துவிட்டார், அதைச் சொல்லிவிடுகிறேன். அம்பைக்காரர் சொன்ன பொத்தானையும் போட்டுப் பார்த்தாச்சு, சித்தப்பாவுக்குத் திருப்தி.

எனக்கும் அந்த உறுமல் இருந்தது. எலக்ட்ரீஷியன் மீட்டர் பெட்டியைத் திறந்தார். எர்த் ஒயர் பச்சையாக, அழகாக, எதிலும் மாட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தது. வீடு கட்டினதிலிருந்தே அப்படித்தான் போல, மூணு பின் பிளக்கில் மூணாவது பின் சும்மா அலங்காரம். புதுசாகக் குழி தோண்டி, குழாய் இறக்கி, உப்பும் கரியும் போட்டு எர்த் எடுத்தோம். உறுமல் அடங்கியது. கோடையில் மண் வறண்டால் எர்த் பலவீனமாகிவிடும், குழியில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றணும். உறுமலை நிறுத்த எர்த் பின்னை ஒடிக்கச் சொல்கிறவர்கள் உண்டு. மைக்கைப் பிடித்துப் பாடுகிறவர் உதட்டில் ஷாக் அடிக்கும், செய்யாதீங்க.

இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் (கரண்டைக் கரடுமுரடான அலையாகத் தருகிற ரகம்) என்றால் பதிவு நேரத்தில் நம்ப வேண்டாம். மாறுகிற நேரத்தில் சில எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டரின் பவர் சப்ளை) அணைந்துவிடும், அணையாவிட்டாலும் இரையும். ப்யூர் சைன் வேவ் வாங்குங்க. கிராபிக்ஸ் கார்டில் மிச்சமாகிற காசை இதில் போடலாம்.

உவரிக்காரன்

எங்க ஊரில் இதெல்லாம் இரண்டாம்பட்சம். கடல்காற்று. கேபினெட் ஸ்க்ரூ முதலில் துருப்பிடிக்கும், பிறகு மைக் கேபிள் முனை கரகரக்கும், ஒரு நாள் கம்ப்யூட்டர் ஆன் ஆகாமல் பீப் அடிக்கும். ராமைக் கழற்றி, முனையைப் பள்ளிக்கூடத்து அழிரப்பரால் மெல்லத் தேய்த்து மாட்டினால் எழுந்துவிடும். மூடி வைத்துப் பூட்டிவிட்டு மாசக்கணக்கில் தொடாமல் விட்டதுதான் எங்க பக்கம் சீக்கிரம் போகிறது. அடிக்கடி ஓடவிட்டால் உள்சூட்டில் ஈரம் தங்காது. வலைத்துளை நிறைய உள்ள கேபினெட் காற்றோட்டத்துக்கு நல்லது என்பார்கள், இங்கே அது உப்புக்கும் வாசல். ஃபில்டர் இல்லாததை வாங்காதீங்க.

சாமக்கொடை

நான் வீட்டில் பதிவதைவிடக் கோயில் கொடைவிழாவுக்குப் போய்ப் பதிவதுதான் அதிகம். வில்லு, குடம், உடுக்கை, சில கோயில்களில் கணியான் கூத்து மகுடமும் (தோல் வாத்தியம்). அங்கே ஜெனரேட்டர் கரண்டு, நாலா பக்கமும் குழாய் ஸ்பீக்கர். லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டுவதுதான் சுத்தம், அதனால் நான் முதலில் பார்ப்பது பேட்டரி எத்தனை மணி நேரம் நிற்கும் என்பதைத்தான். மகுடத்தைத் தீயில் காட்டிச் சுருதி ஏற்றுகிற இடைவெளியில் சார்ஜ் போட்டுக்குவேன்.

ராத்திரி முழுக்கப் பதிகிறவர்கள் கவனிக்க: சாதாரண வேவ் (.wav) ஃபைல் 4 ஜிபியைத் தாண்டாது. 24 பிட், 48-இல் ஸ்டீரியோவாக ஓடவிட்டால் நாலு மணி நேரம் கடந்த கொஞ்சத்தில் அந்த எல்லை வந்துவிடும். கதை சூடுபிடிக்கிற சாமத்தில்தான் அது வரும். செட்டிங்கில் பெரிய ஃபைல் வகையை முன்னாடியே தேர்ந்துவைங்க, இல்லையென்றால் இடைவேளையில் நிறுத்திப் புதுசாக ஆரம்பிங்க.

புதுசு

எல்லாருக்கும் நன்றி அண்ணாச்சி. என்கிட்ட இவ்வளவு காசு இல்லை. ஆபீஸில் கழித்துவிடுகிற பழைய டெஸ்க்டாப் வாங்கலாமா? குரலும் கிதாரும் மட்டும்தான்.

அம்பை நாயனம்

தாராளமா வாங்குங்க தம்பி. இன்டெல் எட்டாம் தலைமுறைக்குக் கீழே போகாதீங்க. விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபரோடு முடிஞ்சுபோச்சு, 11 முறையாக ஏற எட்டாவதாவது வேணும். எஸ்எஸ்டி இல்லைன்னா போட்டுக்கோங்க, ராம் 8 இருந்தா இன்னொரு 8. அரை மணி நேரம் ஓடவிட்டு, காதைப் பக்கத்தில் வச்சுக் கேட்டுட்டு அப்புறம் பணம் கொடுங்க. கடை ரோட்டுமேலே இருந்தா உள்ளே குடோனுக்குத் தூக்கிட்டுப் போய்க் கேளுங்க, பஸ் சத்தத்தில் எல்லா விசிறியும் நல்ல விசிறிதான்.